கனிசியஸ் – கனகலிங்கம்: நடக்காத போட்டி

பாரிஸ்
10.01.1993

அன்புள்ள கனிசியஸ் அண்ணைக்கு,

மயிலிட்டிக் கனகலிங்கம் எழுதுவது. எட்டு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் குருநகரிலிருந்து இங்கே வந்த ஒருவர் உங்கள் விலாசம் தந்தார். கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் நீங்களும் உங்கள் மனிசி யோசப்பின் அக்காவும் உரும்பிராயில் ஒரு தோட்டக்காரரின் வளவில் இருப்பதாகச் சொன்னார். கடலில் இறங்கின மனிசன் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறார் என்றும் சொன்னார்.

எங்கள் ஊரில் இப்போது ஒரு சனமும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஊரைவிட்டு எழும்பினவர்கள் எழும்பினதுதான். அம்மா பருத்தித்துறையில் தங்கச்சியோடு இருக்கிறா. நான் இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். இங்குள்ள எங்கள் சங்கம் ஆனி மாதம் ஒரு கலைமாலை வைக்கிறது. அதை நடத்துகிறவர் பஞ்சலிங்கம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், பொக்சிங் என்றால் முன்வரிசையில் வந்து குந்திவிடுவார். இம்முறை அவருக்கு ஒரு யோசனை. 'கனிசியசும் கனகலிங்கமும் மோதினால் வெல்வது யார்?' இதுதான் நிகழ்ச்சி. ரேடியோவில் சொல்வதுபோல அவர் ஒவ்வொரு சுற்றாக வர்ணனை செய்வார். வருகிறவர்கள் தங்கள் கணிப்பை எழுதிப் போட வேண்டும். விழா மலரில் விசயம் தெரிந்த மூன்று பேரின் கணிப்பும் வரும். ஒருவர், உங்கள் அடி பாரம், ஐந்தாம் சுற்றில் என்னை விழுத்துவீர்கள் என்கிறார். இன்னொருவர், எனக்குக் கை நீளம், கால் வேகம், புள்ளியில் நான் வெல்வேன் என்கிறார். மூன்றாமவர் சமம் என்று எழுதித் தப்பிவிட்டார்.

எங்கள் இருவருக்கும் ஒருபோதும் போட்டி நடக்கவில்லை. எண்பத்திமூன்று ஆடியில் இறுதிப் போட்டி என்று நாள் குறித்தார்கள். கலவரம் வந்து அது நின்று போனது. அதனால்தான் சனத்துக்கு இதில் இவ்வளவு ஆசை. நீங்கள் பரிசுப் பட்டியோடு நிற்கிற படம் ஒன்றும், உங்கள் கணிப்பாக நாலு வரியும் அனுப்பினால் நல்லது. சேர்கிறதெல்லாம் அங்கே இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கத்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த இரண்டு கிழமையாகத் தமிழ்க் கடையில் என்னைச் 'சாம்பியன்' என்று கூப்பிடுகிறார்கள். இவ்வளவு காலமும் இங்கே என்னை ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

அன்புடன்,
கனகலிங்கம்


உரும்பிராய்
02.03.1993

தம்பி கனகலிங்கம்,

உமது கடிதம் அங்கே இங்கே அலைந்து, யாரோ உடைத்துப் பார்த்து ஒட்டி, போன கிழமை வந்து சேர்ந்தது. இது யோசப்பினின் எழுத்து. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஏன் என்பது பின்னால் வரும்.

'எங்கள் இருவருக்கும் ஒருபோதும் போட்டி நடக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். பிறகு கடிதத்தை வாங்கிக் கொண்டுபோய் வேலிக்கரையில் எறிந்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவினேன். அவள்தான் போய்ப் பொறுக்கி வந்தாள்.

நீர் மறந்திருக்க மாட்டீர். மறந்தவன்போல எழுதுகிறீர். ஆகவே நடந்ததை முழுதாக எழுதுவிக்கிறேன். யோசப்பினுக்கும் இது புதிது. அவளுக்கும் இவ்வளவு நாளும் நான் சொன்னதில்லை.

எண்பத்திநாலு மார்கழி. ஆமிக்காரர் என்னைத் துறையில் வைத்து ஈர உடம்போடு பிடித்தார்கள். உம்மைப் பஸ்ஸால் இறக்கினார்கள். முகாமில் சீமெந்து அடுக்கி வைத்திருந்த கொட்டிலில் எல்லாரையும் ஒன்றாக அடைத்தார்கள். பஞ்சலிங்கமும் அதற்குள்தான் இருந்தான். முதலில் ஒருவரோடு ஒருவர் கதைக்கவே பயம். அவன்தான் தொடங்கினான். "கனிசியசும் கனகலிங்கமும் ஒரே கொட்டிலுக்கை. உது ஆருக்குக் கிடைக்கும்?" என்றான். பின்னேரம் பின்னேரமாகக் குரலைத் தாழ்த்திச் சுற்றுச் சுற்றாகச் சொன்னான். உமது கை எப்படி வருகிறது, நான் எப்படிக் குனிகிறேன், ஆர் கயிற்றில் சாய்கிறார். சனம் பசியை மறந்து கேட்டது. நானும் சிரித்தேன். நீரும் சிரித்தீர். அதுவரைக்கும் அது குற்றமில்லை.

வெளியில் காவலுக்கு நின்ற ஒருவனுக்குத் தமிழ் தெரியும். அவன் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கள் இருவரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். நாலு தடி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. கையுறை இல்லை, துணிச்சுற்றுக்கூட இல்லை. கோப்ரல் சிங்களத்தில் சொன்னான், மற்றவன் தமிழில் சொன்னான்: "ரெண்டு பேரும் ஒருத்தரோடை ஒருத்தர் அடிபட வேணும். இல்லாட்டி இந்தக் கொட்டிலுக்கு இண்டைக்குத் தண்ணி இல்லை."

நான் உமது தோளில் தட்டினேன். நீர் எனது புயத்தில் தட்டினீர். ஆமிக்காரர் ஊளையிட்டார்கள். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. எங்கள் ஆட்களைச் சுவரோரம் வரிசையாக இருத்தியிருந்தார்கள். முதலில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு குரல் கேட்டது. "இடது பக்கம் திறந்து கிடக்கு. அடி." அது பஞ்சலிங்கம். அதோடு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. எங்கள் குருநகர்க் கரையார் எனக்கு, மயிலிட்டிப் பக்கத்து வடகரையார் உமக்கு. முதல்நாள் என்னோடு இருந்து செபமாலை சொன்ன மனிசன் கடைவாயில் நுரை தள்ள, "மூஞ்சையிலை குடு" என்று கத்தினான்.

பிறகு நீர் விழுந்தீர். என் கை உமது முகத்தில் படவே இல்லை. கோப்ரலுக்குக் கண் இருக்கிறது. உம்மைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ட்ரக்கில் போட்டார்கள். என்னைத் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கொண்டுபோய், வலது கையைத் தொட்டி விளிம்பில் வைக்கச் சொல்லித் துவக்குப் பிடியால் இடித்தார்கள். ஏமாற்றுகிற கை என்றார்கள். அன்றிலிருந்து மூன்று விரல் மடங்காது. வலையும் இழுக்க ஏலாது, பேனையும் பிடிக்க ஏலாது.

இதோடு முடிந்திருந்தால் நான் உமக்கு இப்படி எழுத மாட்டேன். கையை உடுத்த சாரத்தில் சுற்றிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தபோது அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தெரியும், எங்களை வைத்துக் காலமைச் சாப்பாட்டுப் பாணைப் பந்தயம் கட்டியிருந்தார்கள் என்று. அடி படாமல் விழுந்தால் அது தோல்வியா இல்லையா, பாண் கொடுக்க வேண்டுமா இல்லையா, இதுதான் வழக்கு. பஞ்சலிங்கம் நடுவில் இருந்து தீர்ப்புச் சொன்னான். நான் வென்றதாகத் தீர்ப்பு. வென்றவர்கள் தின்றார்கள். ஒருவன் ஒரு துண்டை எனக்கு நீட்டி, "உன்ரை பங்கு" என்றான். நான் அந்த மூலையிலேயே சத்தி எடுத்தேன்.

அவன்தான் இன்றைக்குப் பாரிசில் மேடை போடுகிறான். பிள்ளைகள் பால் குடிக்கட்டும். என் பெயரில் குடிக்க வேண்டாம். படம் தர மாட்டேன். அவனுக்குச் சொல்லும், அவன் ஒரு (இந்த இடத்தில் நான் சொன்ன சொல்லை யோசப்பின் எழுத மறுத்துவிட்டாள்).

உம்மிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஏன் விழுந்தீர்?

கனிசியஸ்


பாரிஸ்
18.04.1993

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் எச்சில் கோப்பைகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். முதலாளி வந்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை.

கையைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த ட்ரக் என்னைத் தெற்கே வேறொரு முகாமுக்குக் கொண்டுபோனது. ஒரு வருடத்துக்கு மேல் அங்கே கிடந்தேன். விட்டதும் அம்மாவின் தம்பி கொழும்பில் வைத்து என்னைப் பிளேனில் ஏற்றிவிட்டார். நான் விழுந்ததோடு எல்லாம் முடிந்தது, உங்களை விட்டிருப்பார்கள், நீங்கள் திரும்பவும் கடலுக்குப் போவீர்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

'ஒருபோதும் நடக்கவில்லை' என்ற வரி பஞ்சலிங்கம் சொன்னது. ஆனால் எழுதினது நான். இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அது வசதியாகிவிட்டது.

ஏன் விழுந்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் என்னைத் தோளுக்குக் கீழேயே தட்டிக்கொண்டு நின்றீர்கள். அது எனக்கு விளங்கியது. நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு எங்கள் ஊர்க்காரரின் குரல் கேட்டது. மயிலிட்டியில் என்னோடு ஒரே வள்ளத்தில் போனவர்களின் குரல். "விடாதை கனகு" என்றார்கள். அண்ணை, எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. உங்கள் தாடையும் நாடியும் திறந்து கிடந்தன. என் இடது கை தானாகப் பின்னால் போனது. உங்களை அடிக்க எனக்கு ஆசை வந்தது. தண்ணீருக்காக இல்லை. வெல்ல வேண்டும் என்று. அதைக் கண்டதும் எனக்கு என் உடம்பே அருவருத்தது. கையை வேறெங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் விழுந்துவிட்டேன். வேறு ஒரு யோசனையும் இருக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று நினைக்க வேண்டாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சலிங்கத்தின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனிசி குணலட்சுமி தட்டத்தில் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தா. அவர் கடிதத்தை வாசித்தார். ஒன்றையும் மறுக்கவில்லை. மடித்துத் தந்துவிட்டு, "பசி, தம்பி. பசியிலை செய்தது" என்றார்.

"இப்ப உங்களுக்குப் பசி இல்லையே. பிறகேன் செய்யிறியள்?" என்று கேட்டேன்.

அவர், "ரிக்கற் அடிச்சு வித்தாச்சு. சனம் சிரிக்க வாற இடம். அதுக்குள்ளை உதுகளைக் கொண்டுவராதை" என்றார். ரோல்ஸை எடுக்கச் சொல்லித் தட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

எப்படியாவது இதை நிறுத்தப் பார்க்கிறேன்.

கனகலிங்கம்


உரும்பிராய்
11.06.1993

தம்பி கனகலிங்கம்,

உமது மறுமொழியை யோசப்பின் வாசித்து முடிக்கவில்லை, நான் எழும்பித் துலா மிதிக்கப் போய்விட்டேன். மண்ணெண்ணெய் இல்லை, தண்ணீர் இறைக்கிற இயந்திரமெல்லாம் சாக்கு மூடிக் கிடக்கிறது. ஆள்தான் துலாவில் ஏறி மிதிக்க வேண்டும். அதற்கு விரல் தேவையில்லை, கால் போதும். மிச்சத்தை அடுத்த நாள்தான் கேட்டேன்.

உம்மீது எனக்கிருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் இல்லை. போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். காப்பாற்ற விழுந்தேன் என்று நீர் எழுதியிருந்தால் அதோடு கடிதத்தை நிறுத்தியிருப்பேன். அப்படி எழுதாதபடியால் இதை எழுதுவிக்கிறேன்.

இங்கே இன்னொரு கூத்து. நாங்கள் இருக்கிற வளவுக்காரர் தியாகலிங்கம். நல்ல மனிசர், வாடகை என்று ஒரு சதம் கேட்டதில்லை. அவருடைய மைத்துனன் பாரிசில் இருந்து உங்கள் நிகழ்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறான். அன்றிலிருந்து வெங்காயத் தோட்டத் தறை முழுக்க இதுதான் கதை. கிணற்றில் பட்டை இழுக்கிறவன் ஒரு கட்சி, வாய்க்காலில் தண்ணீர் மாறுகிறவன் மற்றக் கட்சி. கோப்பாய்ப் பக்கம் குண்டு விழுந்த அன்று எல்லாரும் ஓடிப் பதுங்குகுழிக்குள் குந்தினோம். அதற்குள் வைத்துத் தியாகலிங்கம் என்னைக் கேட்டார்.

"மனம் நோகாமல் கேக்கிறன், கனிசியஸ். அந்த வயசிலை ரெண்டு பேரையும் விட்டால் ஆர் வெல்லுவியள்?"

என் விரல்களைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். கை என்ன மாதிரிப் போனது என்று இத்தனை நாளில் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலே பிளேன் சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லாததை அவர் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். வெளியே வந்து மற்றவர்களிடம், "தான் வெல்லுவன் எண்டு தெரியும், அடக்கமாய் இருக்கிறார்" என்று சொன்னாராம்.

நிறுத்தப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர். நிற்காது. இந்த ஆட்களுக்கு இது வேண்டும். அந்த மண்டபத்துக்குப் போக வேண்டாம். வேலைக்குப் போம், வீட்டுக்கு வாரும், படும்.

யோசப்பின் தானும் உமது சுகம் விசாரித்ததாக எழுதுகிறாள்.

கனிசியஸ்


பாரிஸ்
04.07.1993

அன்புள்ள அண்ணைக்கும் அக்காவுக்கும்,

'போக வேண்டாம்' என்ற கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. நான் போன கிழமையே போய்விட்டேன்.

நிறுத்தத்தான் போனேன். வாசலில் வைத்து மாலை போட்டார்கள். முன்வரிசையில் இருத்தினார்கள். பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக, அதில் ஒரு மட்டையில் உங்கள் பெயர். சுவரில் எங்கள் இருவரின் படங்களும் பெரிதாக. உங்கள் படத்தைப் பழைய பேப்பர் ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எங்கே பிடித்தார்களோ தெரியாது.

பஞ்சலிங்கம் மைக்கைப் பிடித்தார். ஒன்று சொல்ல வேண்டும், அண்ணை: அந்த மனிசன் அதை நன்றாகச் செய்கிறார். மணி அடிக்கிறது, நீங்கள் மூலையிலிருந்து வருகிறீர்கள், நான் சுற்றி வருகிறேன். எனக்கே கால் துடித்தது. கொட்டிலில் சொன்ன அதே சொற்கள். ஒன்றையும் மாற்றவில்லை. எனக்குச் சீமெந்து மணம் மூக்கில் ஏறியது. பின்வரிசையில் ஒருவர், வாயில் வடையை வைத்துக்கொண்டு, "மூஞ்சையிலை குடு" என்று கத்தினார். அவர் அந்தக் கொட்டிலில் இருந்தவர் இல்லை. அவருக்கு அது ஒருவரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

மூன்றாம் சுற்று நடக்கும்போது மேடையில் ஏறினேன். நான் சனத்துக்குக் கும்பிட வருகிறேன் என்று நினைத்துப் பஞ்சலிங்கம் சிரித்துக்கொண்டு மைக்கைத் தந்தார். நான் சொன்னேன். நாங்கள் அடிபட்டது கற்பனை இல்லை, எண்பத்திநாலு மார்கழியில், வெறுங்கையோடு, தண்ணீருக்காக. பார்த்தவர்கள் பாணைப் பந்தயம் வைத்தார்கள் என்றேன். உங்கள் கையைச் சொன்னேன். ஆர் ஆர் கத்தினார்கள் என்று பெயர் சொல்லவில்லை. பஞ்சலிங்கம் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்னுக்கிருந்த ஒரு மனிசி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் ஒரு பெரியவர் எழும்பினார். கோட்டுப் போட்டவர். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டார்.

"தம்பி, அப்ப ஆர் வெண்டது?"

ஒருவரும் அவரை ஏசவில்லை. இருங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. நான் சனத்தைப் பார்த்தேன். எல்லா முகமும் என்னை நோக்கி நிமிர்ந்திருந்தது. அழுத மனிசியும் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் மறுமொழிக்குக் காத்திருந்தா. பஞ்சலிங்கமும் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்.

மாலையைக் கழற்றி மைக்கோடு மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். வெளியில் படியால் இறங்கும்போது பஞ்சலிங்கத்தின் குரல் கேட்டது. முதலில் தொண்டையைச் செருமினார். பிறகு, "நான்காம் சுற்று" என்றார்.

இப்போது தமிழ்க் கடையில் என்னைச் சாம்பியன் என்று கூப்பிடுவதில்லை. சாமானை நிறுத்துத் தருகிறார்கள், நான் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கனகலிங்கம்


உரும்பிராய்
29.08.1993

தம்பி கனகலிங்கம்,

நீர் மறுமொழி சொல்லாமல் இறங்கினது நல்லது. எதைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் கை தட்டியிருப்பார்கள். ஏன் விழுந்தீர் என்று இனி நானும் உம்மைக் கேட்க மாட்டேன். இங்கே பொக்சிங்கைப் பற்றி எழுத வேண்டாம், மற்றதெல்லாம் எழுதும். பாரிசில் என்ன மீன் விற்கிறது, நல்ல மீனா பழசா, அதை எழுதும். பருத்தித்துறைக்குப் போகிற ஒருவரிடம் உமது அம்மாவுக்கு யோசப்பின் கொஞ்ச வெங்காயம் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

உங்கள் மலர் ஒன்று கொழும்பால் வந்தவர் கையில் இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. சனத்தின் கணிப்பு முடிவை ஒரு தாளில் அடித்து உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் சுற்றில் நான் உம்மை விழுத்திவிட்டேனாம். தியாகலிங்கம் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிந்தார். நீர் மேடையில் சொன்னதும் அவருடைய மைத்துனனின் கடிதத்தில் வந்ததாம். அதைப் பற்றிக் கேட்டால், "ஓம், பாவம், அந்தப் பெடியன் கொஞ்சம் குழம்பிப்போனான்" என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி வந்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சீனி. விடியவே வரிசை றோட்டு வரைக்கும் வந்துவிட்டது. நான் கடைசியில் போய் நின்றேன். மனேச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாம்பியன், நீங்கள் முன்னுக்கு வாங்கோ" என்றார். வரிசையில் நின்ற சனம் சிரித்துக்கொண்டு விலகியது. கைக்குழந்தைக்காரியும் விலகினாள். ஒருவன் என் முதுகில் தட்டி, "ஐஞ்சாம் சுற்று" என்றான். பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

யோசப்பின் என்னை ஏசவில்லை. அடுத்த நாள் தானே பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளையும் முன்னுக்குக் கூப்பிட்டார்களாம். போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதை இப்போது நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மறுக்கவில்லை.

அன்று பின்னேரம் அந்தச் சீனியைப் போட்டுத் தேத்தண்ணீர் தந்தாள். நான் கோப்பையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. இன்னொரு கோப்பை கேட்டேன்.

கனிசியஸ்